ஃபேமிலிங்களா, பசங்களா?

ஏற்காட்டில் ஒரு காட்டேஜுக்கோ, சேலம் புறநகரில் நாள் வாடகைக்கு விடும் வீட்டுக்கோ போன் போட்டால், எதிர்முனையில் முதலில் வரும் கேள்வி வாடகையைப் பற்றியதாக இருக்காது. எத்தனை பேர் என்றும் கேட்கமாட்டார்கள். “ஃபேமிலிங்களா, பசங்களா?” குரலில் மரியாதைக்குக் குறைவிருக்காது, கொங்கு ‘ங்க’ கூடவே வரும். ஆனால் அந்த ஒரு கேள்வியிலேயே வருகிறவரை எடைபோட்டு முடித்துவிடுகிறார்கள். ஃபேமிலி என்றால் நல்லவர்கள். பசங்கள் என்றால் கறை, பாட்டில், சத்தம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும், கல்யாணம் ஆகவில்லை என்றால் பேச்சு அதற்குமேல் நீளாது. “ரூம் ஃபுல்லுங்க.”

இந்தக் கேள்வியைத் தாண்டி உள்ளே போகிறவர்களுக்குச் சுவரில் ஒரு பலகை காத்திருக்கும். மது கூடாது, புகை கூடாது, சத்தம் கூடாது, வெளியாள் கூடாது, சமைக்கக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. மீறினால் ஆயிரம், இரண்டாயிரம். வாடகைக்கு விடுகிறவர்கள் வட்டாரத்தில் இதைப் பற்றி ஒரே கருத்துதான்: “கண்டிப்பா இருந்தாத்தான் வீடு வீடா இருக்கும். நம்ம வீடு, நம்ம ரூல்ஸ்.”

இந்தக் கருத்துக்குப் பின்னால் இருக்கும் பயத்தை யாரும் கேலி செய்யவேண்டாம். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தையெல்லாம் போட்டு மலையில் இரண்டு படுக்கையறை வீடு கட்டியவருக்கு, ஒரு சனிக்கிழமை இரவில் எரிந்த மெத்தையும் உடைந்த கண்ணாடியும் பக்கத்து எஸ்டேட்காரரின் புகாரும் சேர்ந்து வந்தால் ஒரு மாத வருமானம் போய்விடும். அவருடைய பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு அவர் தேடிக்கொண்ட மருந்துதான் தவறு. ஆள் யார் என்று சலிக்கும் விதி, ஆள் என்ன செய்கிறார் என்பதைக் கட்டுப்படுத்தாது. வீட்டுக்குச் சேதம் செய்வது செய்கை. திருமணச் சான்றிதழ் அந்தச் சேதத்துக்கு ஈட்டுறுதி ஆகாது.

‘குடும்பம்’ என்று சொல்லிப் பதிவு செய்துவிட்டு டெம்போ டிராவலரில் பதினான்கு பேராக இறங்குகிறவர்கள் இந்தத் தொழிலில் யாருக்குத்தான் தெரியாது? இரண்டு அறைக்கான தொட்டித் தண்ணீர் மாலைக்குள் காலியாகும். பிரியாணி எலும்பு சிங்க்கில் அடைக்கும். தாத்தா பாட்டியோடு வந்தவர்கள் என்பதால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதே வீட்டில் நான்கு ஐடி பையன்கள் மழைக்கு ஒதுங்கி, மேகி தின்று, தூங்கிவிட்டுப் போயிருப்பார்கள், அவர்கள் ‘பசங்கள்’. சலிப்பது சரி, சல்லடைதான் தப்பு.

இந்தச் சல்லடைக்குச் சட்டத்தின் துணை இருப்பதாகவும் பலர் நம்புகிறார்கள். “கல்யாணம் ஆகாதவங்களுக்கு ரூம் கொடுத்தா போலீஸ் கேஸ் ஆயிரும்” என்பது மலையடிவாரம் முதல் சேலம் ஐந்து ரோடு வரை வேதவாக்கு. இது சேலத்துக்குப் பக்கத்திலேயே, கோவையில், சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். 2019 ஜூனில் அங்கே ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் வருவாய்த்துறை அதிகாரிகள் ஆய்வு செய்தார்கள். ஓர் அறையில் திருமணமாகாத ஜோடி இருந்தது, இன்னோர் அறையில் மதுபாட்டில்கள் இருந்தன. கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள். நடத்திய நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் நீதிபதி எம்.எஸ். ரமேஷ் தீர்ப்பளித்தார். திருமணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வயதுவந்த இருவர் சேர்ந்து வாழ்வதே குற்றமில்லாதபோது ஓர் அறையில் தங்குவது எப்படிக் குற்றமாகும் என்பது அதன் சாரம். பாட்டில் விஷயத்திலும் தீர்ப்பு தெளிவாக இருந்தது. சொந்தப் பயன்பாட்டுக்கு ஒருவர் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்று தமிழ்நாட்டின் 1996ஆம் ஆண்டு விதிகளே அளவு சொல்கின்றன. விருந்தினர் அந்த அளவுக்குள் வைத்திருப்பது சட்டமீறல் அல்ல. சீலை அகற்றும்படி உத்தரவானது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்கிற எல்லோருக்கும் அறை கொடுத்தே தீரவேண்டும் என்று அந்தத் தீர்ப்பு எந்த உரிமையாளரையும் கட்டாயப்படுத்தவில்லை. அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு விடுதிகளில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் தடை கூடாது என்கிறதே தவிர, திருமண நிலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் “போலீஸ் கேஸ்” என்ற சாக்கு 2019 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இனி மறுக்கிறவர் தன் விருப்பத்தால் மறுக்கிறார். சட்டத்தின் தலையில் பழியைப் போடமுடியாது. 2025 ஜனவரியில் ஓயோ நிறுவனம் மீரட்டில் ஜோடிகளிடம் உறவுச் சான்று கேட்கும் விதியைக் கொண்டுவந்தபோதும் அதைத் தன் கொள்கை என்றுதான் அறிவித்தது.

சாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அங்கேதான் இந்த வட்டாரத்தின் சங்கடம் தொடங்குகிறது. ஃபேமிலியா என்ற கேள்வியின் வாலாக, “எந்த ஊருங்க?”, “அங்க எந்தப் பக்கம்?”, “யாரு வீட்டுப் புள்ளைங்க?” என்று அடுத்தடுத்து வரும். கேட்கிறவர் வெறும் ஊர்ப்பாசத்தில் கேட்கலாம். பதில் சொல்கிறவருக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியும். “வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்போம்” என்பது சில உரிமையாளர்களுக்குப் பொறுப்பான விதியாகவே தோன்றுகிறது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர்ப் பக்கத்துத் தலித் இளைஞர் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சேலம், நாமக்கல் மாவட்டத்தாருக்கு அந்த வழக்கை விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட மண்ணில், இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பெயரையும் தங்கும் இடத்தையும் அவளுடைய சொந்தக்காரர்களுக்குப் போனில் சொல்வதைப் பாதுகாப்பு விதி என்று எப்படி அழைப்பது? பாதுகாப்பு யாருக்கு?

(ஆணும் பெண்ணும் ஒரே உடலாக நிற்கும் தெய்வத்தின் மலை திருச்செங்கோடு என்பதை எழுதாமல் கடக்கமுடியவில்லை.)

அபராதப் பட்டியலுக்கு வருவோம். கண்டிப்புக் கட்சியின் இரண்டாவது தூண் அது. பணம் பிடித்தால் பயம் வரும் என்பது கணக்கு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். மாலையில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோர்களால் ஆசிரியைகளுக்குத் தொல்லை. பத்துக் காப்பகங்களில் ஆறில், பத்து நிமிடத்துக்குமேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரட்டிப்பானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. உரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் 2000இல் இதை வெளியிட்டார்கள். அதுவரை தாமதம் என்பது ஓர் ஆசிரியையைக் காக்கவைக்கும் கூச்சம். அபராதம் வந்ததும் அது விலை கொடுத்து வாங்கும் கூடுதல் நேரமாகிவிட்டது.

ஏற்காட்டுப் பலகையில் ‘அறையில் புகைத்தால் ரூ.1000’ என்று எழுதுகிறவரும் இதைத்தான் செய்கிறார். நான்கு பேர் ஆளுக்கு 250 போட்டால் தீர்ந்தது. மெத்தையில் ஓட்டை விழுந்தபின் “அதான் காசு கொடுத்துட்டோம்ல” என்ற பதில் வரும்போது உரிமையாளருக்குக் கோபம் வருகிறது. விலைப்பட்டியல் ஒட்டியவர் அவர்தானே.

அந்தப் பட்டியல் சட்டத்திலும் அவ்வளவு உறுதியாக நிற்காது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். தலையணை உறையில் தேநீர் சிந்தியதற்கு இரண்டாயிரம் என்று எழுதிவைத்தால் இரண்டாயிரமும் உரிமையாகிவிடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், மிதமிஞ்சிய முன்பணத்தையும் இழப்புக்குப் பொருத்தமில்லாத அபராதத்தையும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. போதாததற்கு, பலகையை விருந்தினர் பார்ப்பதே ஜிபேயில் அட்வான்ஸ் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பையை இறக்கிவைத்த பிறகு. பணம் வாங்கியபின் காட்டும் விதியை ஒப்பந்தம் என்று சொல்லமுடியாது. தமிழ்நாட்டிலிருந்தே பெரும்பாலோர் வரும் இடத்தில் அந்தப் பலகை ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது தனிக்கூத்து.

இந்தப் பலகைகளுக்கு நேர்மாறாக, பிரிட்டிஷ் அரசு 1867இல் சராய் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வழிப்போக்கர் தங்கும் இடங்களுக்கான சட்டம். படித்துப் பார்க்கிறவருக்கு வியப்பாக இருக்கும்: அதில் கடமைகளெல்லாம் தங்கவருகிறவர்மேல் அல்ல, நடத்துகிறவர்மேல் சுமத்தப்பட்டிருக்கின்றன. அறைகள், தாழ்வாரம், சாக்கடை, கிணறு எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும். திருடன் ஏறி உள்ளே குதிக்க வசதியான மரக்கிளையை வெட்டவேண்டும். போதிய காவலாளி வேண்டும். தொற்றுநோயாளி இருந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லவேண்டும். கட்டணப் பட்டியலை மாஜிஸ்திரேட் சொல்லும் மொழிகளில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிடவேண்டும். காலனி அரசு கருணையில் எழுதிய சட்டமல்ல அது. ஆனாலும் தங்குமிடத்தில் யார் கை ஓங்கியிருக்கும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. இன்றைய காட்டேஜ் பலகையில் விருந்தினருக்கு இருபது கட்டளை; உரிமையாளர் தருவேன் என்று ஒப்புக்கொண்டது ஒரு வரிகூட இல்லை. வெந்நீர் எத்தனை மணிக்கு? கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிடுவது?

உரிமையாளரின் கை எவ்வளவு தாராளமாக நீளும் என்பதற்கு ஆதார் நகல் ஓர் உதாரணம். அடையாள அட்டையைச் சரிபார்ப்பது ஒன்று, ஜெராக்ஸ் எடுத்து மேஜை டிராயரில் ஆண்டுக்கணக்கில் குவிப்பது வேறு. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் விடுதிகளுக்கு ஆதார் நகல் தராதீர்கள் என்று எச்சரித்தது. தவறாகப் பொருள்கொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அறிவிப்பு போய்விட்டது, டிராயரில் நகல்கள் இருக்கின்றன. கேமராவும் அப்படித்தான். வாசலில் வைப்பதற்கும் ஹாலில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ‘பாதுகாப்பு’ என்ற சொல் அழித்துவிடுகிறது. ஏர்பிஎன்பி நிறுவனம் 2024 ஏப்ரல் 30 முதல் உலகெங்கும் தன் பட்டியலில் உள்ள வீடுகளுக்குள் கண்காணிப்புக் கேமராவே கூடாது என்று நிறுத்திவிட்டது.

அந்த நிறுவனத்தின் இன்னொரு முடிவை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டலாம். அவர்கள் காட்டுவதற்குள் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 2019இல் கலிபோர்னியாவின் ஒரிண்டாவில், வாடகைக்கு எடுத்த வீட்டில் நடந்த ஹாலோவீன் விருந்தில் துப்பாக்கிச் சூடு. ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஏர்பிஎன்பி அமெரிக்காவில் 25 வயதுக்குக் குறைந்தவர்கள் உள்ளூரிலேயே முழு வீட்டைப் பதிவு செய்வதைக் கட்டுப்படுத்தியது. “பாருங்க, அவங்களே பசங்களுக்குக் கொடுக்கல” என்று சொல்லத் தோன்றும். ஆனால் முன்பு தங்கிய இடங்களில் மூன்று நல்ல மதிப்புரை வாங்கிய இளைஞருக்கு அந்தத் தடை கிடையாது. வயது சந்தேகத்தைத் தொடங்கிவைத்தது, நடத்தை அதை முடித்துவைத்தது. நிறுவனம் 2020 ஆகஸ்டில் கொண்டுவந்து 2022 ஜூனில் நிரந்தரமாக்கிய தடையோ நேரடியாக விருந்துக் கூத்தின்மேல்தான். யார் கூத்தடித்தாலும் தடைதான்.

நம் ஊரில் கூத்தை விற்பவர்களே அதைத் தடை செய்கிறவர்களும். காட்டேஜ் விளம்பரத்தில் ‘கேம்ப் ஃபயர், மியூசிக் சிஸ்டம்’ என்று போட்டு அதற்குத் தனிக்காசு வாங்குவார்கள். பிறகு, சத்தம் கூடாது. சேர்வராயன் மலையில் கோடைக் காய்ச்சலில் சருகு எப்படிப் பற்றும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் பற்றிய காட்டுத் தீ மலையேறப் போன 23 பேரைக் கொன்றது. காய்ந்த மாதங்களில் திறந்த வெளியில் நெருப்பு கிடையாது என்பது ஒரு விதி. அதை எழுதினால் முதலில் அடங்கவேண்டியது உரிமையாளரின் கட்டணப் பட்டியல். அதனாலேயே அது பலகையில் ஏறுவதில்லை.

மதுத் தடையும் இப்படித்தான் வேறு இடத்தில் உடைகிறது. அறைக்குள் குடிக்காதே என்றால் குடிக்கவந்தவர் குடிக்காமல் இருக்கமாட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு வியூ பாயின்ட்டுக்குப் போவார். பாட்டில் பாறையில் உடையும், அவர் இருட்டில் வளைவு இறங்குவார். இதைவிட மோசமான பலனை எதிரிகூட யோசித்திருக்க முடியாது. நீலகிரியில், உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதத்தில் டாஸ்மாக் ஒரு சின்ன வேலை செய்தது: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தந்தது. பெரும்பகுதிப் பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. யாரையும் நல்லவராக்க முயலவில்லை. கண்ணாடி காட்டுக்குள் போகக்கூடாது என்ற ஒரே தீங்கைக் குறிவைத்தார்கள்.

தீங்கைப் பெயர் சொல்லிக் குறிவைக்கும் விதி சுருக்கமாகவும் இருக்கும். “தண்ணீரை வீணாக்காதீர்” என்பது பள்ளிக்கூடச் சுவர் வாசகம். “இந்தத் தொட்டி ஆயிரம் லிட்டர். ஆறு பேருக்கு ஒரு நாள் வரும். அடுத்த லாரி நாளைக் காலைதான்” என்று எழுதிப் பார்க்கலாம். “சத்தம் போடக்கூடாது” என்பதற்குப் பதில், “இரவு பத்துக்குமேல் ஸ்பீக்கர் வேண்டாம், பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள்.” அந்தப் பத்து மணியும் உரிமையாளரின் சொந்தக் கண்டுபிடிப்பல்ல, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது பத்து முதல் காலை ஆறு வரை. “ஜன்னலைத் திறந்துவைத்தால் குரங்கு வரும், உங்கள் பையைத்தான் முதலில் எடுக்கும்” என்பதை மீற யாருக்கும் ஆசை வராது. அமெரிக்க விடுதி ஒன்றில் துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லி இரண்டு விதமான அட்டை வைத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளியான ஆய்வு. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்ற அட்டைக்கு 35 சதவீதம் பேர் இசைந்தார்கள். இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்ற அட்டைக்கு 44 சதவீதம். மிரட்டல் இரண்டிலும் இல்லை.

எல்லா இடத்துக்கும் ஒரே பலகை என்பதும் இந்தக் கண்டிப்புக் கட்சியின் பழக்கம். மலைக்காட்டேஜின் விதிகளை நகலெடுத்து நாமக்கல்லில் ஒட்டுகிறார்கள். கொல்லிமலைக்குப் போகிறவர் எழுபது வளைவு ஏறி ஆகாய கங்கையில் குளிக்கப் போகிறவர். ஆடிப் பதினெட்டில் வல்வில் ஓரி விழாக் கூட்டம். விறலியரோடு கூட்டமாக வந்த பாணர்களை வாசலில் நிறுத்தி ஃபேமிலியா என்று ஓரி கேட்டிருந்தால் கடையெழு வள்ளல் பட்டியலில் ஓர் இடம் காலியாகியிருக்கும். கீழே நாமக்கல்லில் தங்குகிறவர் வேறு ஆள். நீட் பயிற்சிக்குப் பிள்ளையைச் சேர்க்கவந்த அம்மா, லாரிக்குப் பாடி கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வெளிமாநில டிரைவர், ஆஞ்சநேயரைப் பார்க்கவந்த சனிக்கிழமைக் கூட்டம். அந்த அம்மாவுக்கு வேண்டியது கதவுக்கு உள்தாழ்ப்பாளும் இரவில் அமைதியும். டிரைவருக்கு வண்டி நிறுத்த இடமும், வேளைகெட்ட வேளையில் கதவு திறக்க ஓர் ஆளும். இவர்களிடம் உறவுச் சான்று கேட்டு என்ன செய்வது?

‘செக்-இன் 12 மணி’ என்ற வரியும் இப்படி இறக்குமதியானதுதான். நம் ஊர் பழைய லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. எப்போது வந்தாலும் அப்போதிருந்து ஒரு நாள். வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்குச் சுத்தம் செய்ய நேரம் வேண்டும், நியாயம்தான். ஆனால் முந்தைய இரவு யாரும் தங்காத அன்றைக்கும் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. சென்னையில் இரவு ஏறியவர்களை ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியுமுன்பே சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டுப் போகிறது. பதிவு செய்த வீடு இரவெல்லாம் பூட்டியே கிடந்திருக்கும். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, காலடியில் சூட்கேஸை வைத்துக்கொண்டு, ஃபேமிலி என்று சொல்லி அறை வாங்கியவர்களும் நடைமேடைப் பெஞ்சில் பன்னிரண்டு மணிக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.